நகரத்துக்குள் போன ஊருக்கு வரலாறு எழுதுவது எப்படி: சென்னைப் புறநகரை வைத்து ஒரு முழு வழிகாட்டி

2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி என மொத்தம் 42 உள்ளாட்சிகள் அதில் கரைந்தன. நேற்றுவரை தலைவரும் தீர்மானப் புத்தகமும் வைத்திருந்த ஊர்கள், மறுநாள் வார்டு எண்களாயின.

அந்த ஊர்களில் ஒன்றின் வரலாற்றை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்வதைப் பார்க்கிறேன். பெயர்க்காரணம் ஒரு பக்கம், தலபுராணம் இரண்டு பக்கம், அதற்குமேல் வண்டி நகராது. சரக்கு ஏராளமாக இருக்கிறது. தேடும் வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. கீழே இருப்பது எனக்குப் பலன் தந்த வரிசை. உதாரணத்துக்குத் தென்சென்னைப் புறநகரான மடிப்பாக்கத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் அடிக்கடி எடுத்துக்கொள்கிறேன். மதுரை, கோவைக்காரர்கள் மாவட்டப் பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

0. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஊர்க்காரர் ஒருவருடைய வீட்டுப் பத்திரத்தின் நகல். உறவினர், நண்பர் யாருடையதாகவும் இருக்கலாம். அதில் உள்ள வருவாய் கிராமப் பெயரும் சர்வே எண்ணும்தான் எல்லாக் கதவுக்கும் சாவி.

பேச்சைப் பதிவுசெய்ய ஒரு போன், ஏ3 தாளில் எடுத்த வரைபடப் பிரிண்ட், பென்சில். பேனா வேண்டாம்; பெரியவர்கள் வரைபடத்தில் கை வைத்துச் சொல்லும்போது நாலு தடவை அழித்து எழுத வேண்டிவரும்.

கணினியில் ஒரு அட்டவணை: ஆண்டு, நிகழ்வு, எங்கிருந்து தெரிந்தது என்று மூன்றே பத்தி. மூன்றாவது பத்தி காலியாக இருக்கும் எந்த வரியும் கட்டுரைக்குள் போகக்கூடாது. முதல் நாளே இந்த வழக்கத்தைப் பிடிக்காவிட்டால், ஆறு மாதம் கழித்து எது படித்தது, எது டீக்கடையில் கேட்டது என்று பிரிக்க முடியாது.

1. எந்த ‘ஊர்’ என்று முடிவு செய்யுங்கள்

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஒரே பெயரில் நான்கு ஊர்கள் இருக்கின்றன.

முதலாவது வருவாய் கிராமம். நில அளவைத் துறை எல்லை போட்டு, சர்வே எண் கொடுத்த பரப்பு. இரண்டாவது ஊராட்சி அல்லது நகராட்சி. தேர்தல் நடந்து, வரி வாங்கிய அமைப்பு. மூன்றாவது நத்தம், வீடுகள் இருந்த பழைய குடியிருப்பு. நான்காவது இன்று ஆட்டோக்காரரும் வீட்டு புரோக்கரும் சொல்லும் ‘ஏரியா’.

நகரத்தோடு இணையும்போது செத்துப்போவது இரண்டாவது மட்டும்தான். வருவாய் கிராமம் பத்திரங்களில் அப்படியே உயிரோடு இருக்கும். கோடம்பாக்கம் பக்கத்துப் பழைய பத்திரங்களில் ‘புலியூர் கிராமம்’ என்று இன்றும் பார்க்கலாம். அந்தத் தெருவில் குடியிருப்பவர்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு கிராமம் இருப்பதே தெரியாது. ஆக, ‘கிராமம் அழிந்துவிட்டது’ என்று முதல் வரியிலேயே எழுதிவிடாதீர்கள். எது அழிந்தது, எது இருக்கிறது என்பதுதான் நீங்கள் எழுதப்போகும் கதையே.

வேலைக்கு வருவாய் கிராமத்தின் எல்லையை எடுத்துக்கொள்ளுங்கள். காரணம் எளிது: மற்ற மூன்றும் காலத்துக்குக் காலம் மாறும், இது அநேகமாக மாறாது. உள்ளகரமும் புழுதிவாக்கமும் இரண்டு தனிக் கிராமங்கள். ஒரே உள்ளாட்சியாகச் சேர்ந்து, ‘உள்ளகரம்–புழுதிவாக்கம்’ நகராட்சியாகி, பிறகுதான் சென்னைக்குள் போயின. நகராட்சி எல்லையை வைத்து வேலை செய்தால் இந்த முதல் இணைப்பு கண்ணில் படாமலே போய்விடும்.

2. நிர்வாகச் சங்கிலியை எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்

ஆவணங்கள் ஊர்ப்பெயரில் அடுக்கப்பட்டிருக்காது. மாவட்டம், வட்டம் என்ற வரிசையில்தான் இருக்கும். எந்த ஆண்டு எந்த மாவட்டம் என்று தெரியாமல் போனால், அலுவலகத்தில் ‘அப்படி ஒரு ஊர் எங்க லிஸ்ட்லயே இல்லீங்களே’ என்ற பதிலோடு திரும்ப வேண்டியதுதான்.

மடிப்பாக்கத்துக்கு அந்தச் சங்கிலி ஏறத்தாழ இப்படி வரும்: நெடுங்காலம் செங்கல்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை வட்டம். இடையில் மாவட்டத்தின் பெயர் செங்கை அண்ணா, செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். என்று மாறியது. 1997-ல் மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தபோது காஞ்சிபுரம் பக்கம் போனது, வட்டம் தாம்பரம். இன்று சென்னை மாவட்டம், சோழிங்கநல்லூர் வட்டம். உள்ளாட்சிப் பக்கம் பார்த்தால் புனித தோமையார்மலை ஊராட்சி ஒன்றியம், பிறகு 2011 முதல் சென்னை மாநகராட்சி.

இங்கே புதியவர்கள் தடுக்கி விழும் ஒரு இடம் உண்டு. மாநகராட்சியில் சேர்ந்தது 2011; சென்னை மாவட்டத்தில் சேர்ந்தது 2018. நடுவில் ஏழு வருடம் குப்பை அள்ளியது சென்னை, பட்டா கொடுத்தது காஞ்சிபுரம். இந்தக் காலத்துக் காகிதங்களை இரண்டு இடத்திலும் தேட வேண்டும். 2019-ல் செங்கல்பட்டு என்ற பெயரில் மறுபடி ஒரு மாவட்டம் வந்ததால், பழைய செங்கல்பட்டையும் புதிய செங்கல்பட்டையும் குழப்பிக்கொள்வதும் சகஜம்.

இணைப்பு அலை அலையாக நடந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மாம்பலம் 1920களில் நகரத்தின் கைக்கு வந்தது. 1946-ல் ஒரு விரிவாக்கம். 1970களின் பிற்பகுதியில் இன்னொன்று. வேளச்சேரி, திருவான்மியூர், வில்லிவாக்கம் எல்லாம் அந்த அலை. உங்கள் ஊர் எந்த அலை என்பதைப் பொறுத்து ஆவணம் இருக்கும் இடமே மாறும்.

3. எழுத்துக்கூட்டல் பட்டியல் போடுங்கள்

ஆங்கிலேயர் காலத்துக் கணக்கில் ஊர்ப்பெயர்கள் காதில் விழுந்தபடி எழுதப்பட்டவை. மாம்பலம் ‘மார்மலாங்’ ஆனது. சைதாப்பேட்டையில் 1726-ல் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் கட்டிய பாலத்துக்கு மார்மலாங் பாலம் என்று பெயர். இன்று அந்த இடத்தில் மறைமலை அடிகள் பாலம். மாம்பலம் என்று மட்டும் தேடினால் இந்தக் காகிதம் எதுவும் கைக்கு வராது.

உங்கள் ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனையையும் எழுதி வையுங்கள். ‘பாக்கம்’ என்று முடியும் பெயராக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு. வட்டத்தின் பெயர் பொருந்துகிறதா என்று பார்க்காமல் எந்தத் தகவலையும் எடுக்காதீர்கள். யாரோ ஒருவருடைய ஊர்ப் பெருமையைத் தன் ஊருக்கு ஏற்றிக்கொண்ட கட்டுரைகள் இணையத்தில் உலவுகின்றன.

4. முதலில் தண்ணீரை வரையுங்கள்

செங்கல்பட்டுச் சீமையில் ஊர் என்றால் ஏரி. ஏரி, அதன் கலங்கல் (மிகைநீர் வெளியேறும் இடம்), மதகு, வாய்க்கால், தாங்கல் (சிறு ஏரி), குளம் இவற்றை வரைந்துவிட்டால் நத்தம் ஏன் அங்கே இருக்கிறது, நஞ்சை எந்தப் பக்கம், எந்தத் தெரு ஏன் வளைகிறது என்பதெல்லாம் தானாக விளங்கும். அதனால்தான் ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் வரைபடம்.

கிராம வரைபடத்தை நில அளவைத் துறையிடம் விலைக்கு வாங்கலாம். அதில் சர்வே எண்களோடு ஏரி, வண்டிப்பாதை, மயானம், மேய்க்கால் எல்லாம் குறித்திருக்கும். அதோடு அமெரிக்காவின் கரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் 1960 முதல் 1972 வரை எடுத்த படங்கள் இப்போது பொதுவில் கிடைக்கின்றன. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் எர்த் எக்ஸ்புளோரர் தளத்தில் தேடலாம். வீடு கட்டப்படாத புறநகரைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல வழி தெரியவில்லை. 2000-க்குப் பிந்தைய மாற்றத்துக்குக் கூகுள் எர்த்தின் பழைய படங்கள் போதும்.

மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபின், இன்றைய தெருப்பெயர்களைப் படியுங்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு, நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா, டேங்க் பண்ட் ரோடு. ஏரி எங்கே? இந்தப் பகுதிகளை ஒட்டி ஒரு நீண்ட ஏரி கிடந்தது; அதன் மேல்தான் 1920களில் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் பக்கத்துப் படுகையில் 1970களில் வள்ளுவர் கோட்டம் வந்தது. உங்கள் ஊரிலும் ‘ஏரிக்கரைத் தெரு’, ‘மதகடித் தெரு’, ‘தாங்கல்’ என்று ஏதாவது மிச்சம் இருக்கும். அந்தப் பெயர்களை மேப்பில் புள்ளி வைத்து இணைத்துப் பாருங்கள்; கரை எங்கே ஓடியது என்று ஒரு கோடு கிடைக்கும்.

2015 டிசம்பரில் எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நின்றது என்பதையும் அதே தாளில் குறியுங்கள். பழைய வாய்க்காலோடு அது பெரும்பாலும் பொருந்திப்போவதைப் பார்க்கலாம். பொருந்தாத இடம் கிடைத்தால் விடாதீர்கள். நடுவில் யாரோ வாய்க்காலைத் திருப்பியிருப்பார்கள்.

5. நிலப் பதிவேடுகளைப் பின்னோக்கிப் படியுங்கள்

இன்றைய காகிதத்திலிருந்து பின்னால் போக வேண்டும். பழையதில் தொடங்கினால், பைமாஷ் எண்ணுக்கும் (சர்வே எண்ணுக்கு முந்தைய பழைய நில எண்) இன்றைய சர்வே எண்ணுக்கும் தொடர்பு பிடிபடாமல் தலை சுற்றும்.

முதலில் தமிழக அரசின் இ-சேவைத் தளத்தில் ஏ-ரிஜிஸ்டரும் (சர்வே எண் வாரியான கிராம நிலப் பதிவேடு) பட்டாவும் பாருங்கள். நகர நில அளவை முடிந்த பகுதியாக இருந்தால் வார்டு, பிளாக், டி.எஸ். எண் (நகர சர்வே எண்) என்று வரும். அப்படியானால் பழைய சர்வே எண்ணையும் டி.எஸ். எண்ணையும் இணைக்கும் ஒப்பீட்டுப் பட்டியலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்க வேண்டும். இது இல்லாமல் அடுத்த படி ஏற முடியாது.

அதற்குப் பின்னால் யு.டி.ஆர். 1979-ல் தொடங்கி 1980களில் முடிந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம். அதற்கு முந்தைய செட்டில்மெண்ட், ரீசெட்டில்மெண்ட் (நிலவரி நிர்ணயம், அதன் மறுநிர்ணயம்) பதிவேடுகள் அடுத்தது. ஜமீன் அல்லது இனாம் (மானியமாக விடப்பட்ட) கிராமமாக இருந்தால் கதை வேறு வழியில் போகும்: 1948-ன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் வந்த செட்டில்மெண்ட் ஒரு பக்கம், 1858-ல் தொடங்கிய இனாம் கமிஷன் தயாரித்த இனாம் பதிவேடு இன்னொரு பக்கம். யார் பெயரில், எந்தச் சேவைக்காக நிலம் விடப்பட்டது என்று பின்னதில் இருக்கும்: கோயில் விளக்குக்கு, தண்ணீர்ப் பந்தலுக்கு, ஊர் வெட்டியானுக்கு.

படிக்கும்போது பட்டாதாரர் பெயரில் கண் போகும். கொஞ்சம் பொறுத்துக்கொண்டு, புறம்போக்கு வரிகளை முதலில் எடுங்கள். ஏரி, களம், மேய்க்கால், மந்தைவெளி, மயானம், வண்டிப்பாதை. ஊருக்குப் பொதுவாக இருந்தது என்ன என்று அந்த வரிகள் சொல்லும். அந்த இடத்தில் இன்று என்ன இருக்கிறது என்று நடந்துபோய்ப் பாருங்கள். பஸ் டெப்போ, பள்ளிக்கூடம், குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு, தண்ணீர்த் தொட்டி என்று ஏதாவது பொதுக் கட்டடம் நிற்க வாய்ப்பு அதிகம். நகரம் முதலில் கை வைப்பது ஊரின் பொதுவில்தான்.

இரண்டு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். வருவாய்த் துறைக் கணக்கில் வரும் பசலி ஆண்டோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு. பசலி 1390 என்பது 1980 ஜூலை முதல் 1981 ஜூன் வரை. பழைய அளவில் ஒரு காணி 24 மனை, அதாவது சுமார் 1.32 ஏக்கர், ஒரு மனை இன்றைய ஒரு கிரவுண்டு, 2,400 சதுர அடி. வேறு வட்டாரத்தில் காணியின் அளவே வேறாக இருக்கும் என்பதால், தஞ்சைக் கணக்கைச் செங்கல்பட்டுக்குப் போடக்கூடாது.

6. வீட்டுப் பத்திரங்களின் நான்கெல்லையைச் சேகரியுங்கள்

என் கணக்கில் இந்த வேலையின் தங்கச் சுரங்கம் இதுதான். யாரும் தேடாத இடமும் இதுதான்.

1960கள், 70களின் கிரயப் பத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சொத்து விவரத்தில் இந்த மாதிரி வரும்: ‘ஏரி வாய்க்காலுக்குத் தெற்கு, கோயில் மானிய நிலத்துக்கு வடக்கு, வண்டிப்பாதைக்குக் கிழக்கு, இன்னார் பனந்தோப்புக்கு மேற்கு’. ஒரே பத்தியில் நான்கு காணாமற்போன பொருள்கள். ‘வாய்க்காலுக்குத் தெற்கு’ என்றால் வாய்க்கால் மனைக்கு வடக்கே இருக்கிறது என்று அர்த்தம். புதிதாகப் படிக்கிறவர்கள் இதைத் திருப்பிப் போட்டுவிட்டு, வாய்க்காலைத் தெருவின் மறுபக்கத்தில் வரைந்துவிடுகிறார்கள். முதல் சில பத்திரங்களுக்கு ஒரு சின்னப் படம் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஒரே தெருவில் நாலைந்து வீட்டுப் பத்திரங்கள் கிடைத்தால் ஒன்றின் எல்லை மற்றதைச் சரிபார்க்கும். அதே மனையின் 1990களின் பத்திரத்தையும் பாருங்கள். பனந்தோப்பு இருந்த இடத்தில் ‘பிளாட் எண் 14’, வண்டிப்பாதை இருந்த இடத்தில் ‘30 அடி ரோடு’ என்று மாறியிருக்கும். எந்த வருடத்துப் பத்திரத்தில் அது மாறியது என்பதுதான், உங்கள் ஊர் எப்போது நகரமானது என்பதற்கு அரசாணையைவிட நம்பகமான தேதி.

பத்திரம் தர யாரும் சுலபத்தில் சம்மதிக்க மாட்டார்கள், நியாயம்தான். முழுப் பத்திரம் வேண்டாம், சொத்து விவரப் பக்கத்தை மட்டும் காட்டினால் போதும் என்று கேளுங்கள். பெயரை எழுத மாட்டேன் என்று சொல்லி, அதைக் காப்பாற்றுங்கள். கிடைக்காத இடத்தில், பதிவுத் துறையின் தளத்தில் சர்வே எண்ணை வைத்து வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் ஒரு மனைப்பிரிவு எந்த ஆண்டு விற்பனைக்கு வந்தது என்றாவது தெரிந்துவிடும்.

7. இப்போது பெரியவர்களிடம் போங்கள்

முதல் நாளே ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போனால், ‘அந்தக் காலத்துல எல்லாம் நல்லா இருந்துச்சுப்பா’ என்பதோடு முடிந்துவிடும். வரைபடமும் சர்வே எண்ணும் பத்திரமும் பார்த்த பிறகு போனால் உங்கள் கேள்வியே மாறிவிடும். ‘ஆயா, இந்த மதகுத் தண்ணி பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி போச்சா, முன்னாடி போச்சா?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் அரை மணி நேரம் ஓடும். நடுவில் மதகைத் திறக்கும் உரிமைக்கு நடந்த சண்டையும் வெளியே வரும்.

வருடத்தைக் கேட்காதீர்கள். ‘எந்த வருஷம் கரண்டு வந்தது?’ என்றால் ஒரு குத்துமதிப்பு வரும், பிறகு அதையே நம்பி உட்கார்ந்துவிடுவோம். எல்லாருக்கும் நினைவிருக்கும் நிகழ்ச்சியோடு முடிச்சுப் போடுங்கள்: அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி, அடையாறு வெள்ளம் 1976 நவம்பர், இந்திரா காந்தி கொலை 1984 அக்டோபர், எம்.ஜி.ஆர். மறைவு 1987 டிசம்பர். ‘எம்.ஜி.ஆர். செத்தப்ப இங்க ரோடு போட்டாச்சாப்பா, மண்ணா?’ என்று கேட்டால் பதில் உறுதியாக வரும். பெண்களிடம் கல்யாணம், முதல் பிள்ளை என்று கேட்டால் இன்னும் துல்லியம்.

தமிழ் வருடப் பெயர் சொன்னால் கவனம் தேவை. 60 ஆண்டுக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பும். பிரபவ என்றால் 1927-ம் வரும், 1987-ம் வரும்.

யாரைப் பார்ப்பது? ‘ஊரில் மூத்தவர் யார்?’ என்று கேட்டுப் போவதைவிட, வேலையை வைத்துத் தேடுங்கள். ஏரித் தண்ணீரைப் பிரித்துவிட்ட நீர்க்கட்டி, பழைய ஊராட்சி எழுத்தர், முதல் பஸ்ஸில் போன தயிர்க்கார அம்மா, மனை போட்ட புரோக்கர், 1980-ல் பரம்பரை கிராம அதிகாரிகள் பதவி ஒழிக்கப்படும்வரை கணக்கு எழுதிய கர்ணம் வீட்டுப் பிள்ளைகள். அந்த வீட்டில் பழைய அடங்கல் (ஆண்டுதோறும் எழுதும் பயிர்க் கணக்கு) நகல் பரணில் கிடக்க வாய்ப்புண்டு. கொடுங்கள் என்று கேட்காதீர்கள். அங்கேயே உட்கார்ந்து போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

8. ஊர்த்தெருவோடு நின்றுவிடாதீர்கள்

புதிதாக எழுதப்படும் ஊர் வரலாறுகளில் பெரிய ஓட்டை இது. கோயில் தெருவில் நான்கு வீடு, பழைய தலைவர் வீடு, அவ்வளவுதான் நேர்காணல். ஏரிக்கு அந்தப்பக்கம் இருந்த சேரியில் ஒருவரிடமும் பேசியிருக்க மாட்டார்கள். ஏரியில் சேறு வாரியவரும், அறுவடைக்குப் போனவரும், இரவில் காவல் இருந்தவரும் அங்கேதான் இருந்தார்கள். எந்தக் கிணற்றில் யார் தண்ணீர் எடுக்கலாம், எந்தத் தெரு வழியாகப் பிணம் போகக்கூடாது என்பதை அவர்களிடம்தான் கேட்க முடியும்.

பதிவேட்டிலும் இதற்கு ஒரு தடம் உண்டு. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் 1891-ல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892-ன் அரசாணைப்படி தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கப்பட்டது; பஞ்சமி நிலம் என்று சொல்வது இதைத்தான். விற்பனைக்கு நிபந்தனை உள்ள நிலம். உங்கள் கிராமத்துப் பழைய ஏ-ரிஜிஸ்டரில் அப்படிக் குறிப்பு இருக்கிறதா, அந்த சர்வே எண்ணில் இன்று என்ன நிற்கிறது என்று பாருங்கள். நகரம் வந்ததால் யார் கை நிறைந்தது, யார் கை காலியானது என்ற கேள்விக்கு இந்த ஒரு வரி பல பக்கங்களுக்கு விடை வைத்திருக்கும். வழக்கில் இருக்கும் நிலமாக இருந்தால் பதிவேட்டில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். குற்றம் சாட்டும் வேலை உங்களுடையது அல்ல.

9. மக்கள்தொகை எண்கள்

1951 முதல் மாவட்ட மக்கள்தொகைக் கையேடுகளில் கிராம வாரியாக எண்கள் உள்ளன. சென்சஸ் துறையின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். பத்தாண்டுக்கு ஒன்று என அட்டவணை போட்டால் ஊர் வீங்கிய காலம் கண்ணில் தெரியும்.

உங்கள் ஊர் ஒரு கட்டத்தில் கிராமப் பட்டியலிலிருந்து காணாமல் போகலாம். நிர்வாகத்தில் ஊராட்சியாகவே இருந்தாலும், மக்கள்தொகை 5,000 தாண்டி, அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 400-ஐத் தொட்டு, ஆண் தொழிலாளர்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயம் அல்லாத வேலைக்குப் போய்விட்டால் சென்சஸ் அதை நகரமாகவே கணக்கிடும். அந்த ஆண்டு முதல் நகரப் பட்டியலில் தேடுங்கள். 2011 கணக்கெடுப்பு இணைப்புக்குச் சில மாதம் முன்பே முடிந்துவிட்டதால், அந்த 42 உள்ளாட்சிகளுக்கும் அதில் கடைசியாகத் தனி எண் கிடைக்கும்.

10. ஊராட்சிக் காகிதமும் ஆவணக் காப்பகமும்

ஊராட்சி கலைந்தபோது தீர்மானப் புத்தகமும் வீட்டுவரிப் பதிவேடும் மண்டல அலுவலகத்துக்குப் போயிருக்க வேண்டும். நேரில் கேட்டால் ‘தெரியலையே சார்’ என்பார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ‘இன்ன ஊராட்சியிடமிருந்து பெற்றுக்கொண்ட பதிவேடுகளின் பட்டியல்’ என்று மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பதிவேட்டையே கேட்டால் மறுக்க நூறு காரணம் கிடைக்கும். பட்டியலை மறுப்பது கடினம். பட்டியல் கைக்கு வந்தபின் குறிப்பிட்ட புத்தகத்தைப் பார்வையிட இரண்டாவது மனு.

எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு இதற்குப் பிறகு போனால் போதும். முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். 2-ம் படியில் எழுதிய சங்கிலியும் 3-ம் படியின் பெயர்ப் பட்டியலும் கையில் இருந்தால்தான் அட்டவணையில் எதைத் தேடுவது என்று தெரியும். எல்லை மாற்ற அறிவிப்புகளுக்கு அரசிதழ், பொது விவரத்துக்கு 1879-ல் வெளியான செங்கல்பட்டு மாவட்டக் கையேடு.

சென்னைச் சுற்றுப்புறத்துக்கு மட்டும் கிடைத்த கூடுதல் அதிர்ஷ்டம், 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் நடத்திய ஊர்க்கணக்கு. கிட்டத்தட்ட 2,000 ஊர்களின் வீடு, நிலம், ஏரி, விளைச்சல், யாருக்கு எவ்வளவு பங்கு என்ற விவரங்கள் அதில் உண்டு. இதன் ஓலைச் சுவடிகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. உங்கள் ஊர் அதில் சிக்கினால் கட்டுரை இருமடங்காகும்.

11. கல்வெட்டு, கோயில், பெயர்க்காரணம்

இவை கடைசியில். கல்வெட்டு வாசகங்களைச் சுவரில் பார்த்து நீங்களே படிக்க வேண்டாம்; தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகளிலும் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளிலும் ஊர்ப்பெயரை வைத்துத் தேடுங்கள். சோழர் காலக் கல்வெட்டில் வேளச்சேரி, புலியூர்க் கோட்டத்து வெளிச்சேரியாக இருக்கிறது. கோட்டம், நாடு (அந்தக் கால நிர்வாகப் பிரிவுகள்) இரண்டும் பொருந்தினால்தான் அது உங்கள் ஊர்.

கோயிலில் உற்சவத்தைவிடச் சாமி ஊர்வலம் போகும் பாதையைக் குறித்துக்கொள்ளுங்கள். வார்டு எல்லை எப்படி மாறினாலும் பிடாரியும் செல்லியம்மனும் பழைய ஊரைத்தான் சுற்றுவார்கள். அந்தப் பாதையைக் கிராம வரைபடத்தின்மேல் வரைந்துபாருங்கள்.

பெயர்க்காரணத்துக்கு ஒரு பத்தி போதும். பழைய எழுத்து வடிவம் கல்வெட்டில் இருந்தால் அதைக் கொடுங்கள். இல்லாவிட்டால் ‘ஊரில் இப்படிச் சொல்கிறார்கள்’ என்று எழுதி நகருங்கள். ராமர் இளைப்பாறாத ஊர் நம் பக்கம் கிடையாது.

12. எழுதும் வரிசை

நிலம், தண்ணீர், குடியிருப்பு, வேலை, பொது இடம், மனைப்பிரிவு, இணைப்பு. காலவரிசையில் சோழரிலிருந்து தொடங்கினால் 13-ம் நூற்றாண்டுக்கும் 18-க்கும் நடுவில் உங்கள் கையில் எதுவும் இருக்காது. அந்தப் பள்ளத்தைப் பொது வரலாற்றைக் கொட்டி நிரப்பத் தோன்றும். நிலத்தில் தொடங்கினால் அந்தச் சிக்கலே வராது.

ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு அதன் கதையைச் சொல்லிப் பாருங்கள். களம் புறம்போக்கு, பிறகு சந்தை, பிறகு வார்டு அலுவலகம். ஒரு துண்டு நிலத்தின் அறுபது வருடம், ஊரின் ஆயிரம் வருடத்தைவிட நன்றாக வாசிக்கப்படும்.

13. அச்சுக்கு முன்

முதல் பிரதியை ஏ4-ல் எடுத்து, பேசியவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரிந்தவரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள். எதிரில் உட்கார்ந்து வாசித்தால்தான் ‘அது அவங்க கிணறு இல்ல, எங்க கிணறு’ என்ற திருத்தம் வரும். உயிரோடு இருப்பவர்களின் சாதி, சொத்து, சண்டை பற்றிய வரிகளுக்கு அவர்களிடமே ஒப்புதல் கேளுங்கள். மறுத்தால் எடுத்துவிடுங்கள்.

ஒலிப்பதிவுகளுக்கு தேதி, தெரு, பேசியவரின் தொழில் என்று கோப்புப் பெயர் கொடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். அச்சுப் பிரதி ஒன்று உள்ளூர் கிளை நூலகத்துக்கு, ஒன்று கன்னிமாராவுக்கு, ஒன்று தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்கு. கடைசிப் பக்கத்தைத் திருத்தங்களுக்காகக் காலியாக விட்டு, எங்கே அனுப்ப வேண்டும் என்று ஒரு மின்னஞ்சல் முகவரியை அதன் அடியில் போடுங்கள்.